விடுதலைக்கு வாதாடியவர், பிடித்துக் கொடுக்க மசோதா தந்தவர்: தியோடர் செட்ஜ்விக் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1781 ஆகஸ்டில், மாசசூசெட்ஸின் மேற்குக் கோடியில் இருக்கும் கிரேட் பேரிங்டன் என்ற சிற்றூரில் ஒரு ஜூரி கூடியது. பிரோம் என்ற கறுப்பின ஆணும் பெட் என்ற கறுப்பினப் பெண்ணும் தங்கள் எசமானருக்குச் சட்டப்படி உரியவர்கள் அல்லர் என்று அது முடிவு சொன்னது. அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர் 35 வயதான தியோடர் செட்ஜ்விக். பத்தாண்டுகள் கழித்து, 1791 நவம்பரில், அதே செட்ஜ்விக் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு குழுவின் சார்பாக மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தப்பி ஓடிய அடிமைகளை உடையவரிடம் எப்படிப் பிடித்துக் கொடுப்பது என்பதுதான் அதன் பொருள்.

செட்ஜ்விக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தலைப்பில் போட்டு, மற்றதை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாராட்ட வந்தவர்களுக்கு 1781 போதும். திட்ட வந்தவர்களுக்கு 1791. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று துருவுவதில் எனக்கு ஆர்வம் குறைவு. ஒரு மனிதர் வழக்கறிஞராக, படைவீரராக, சட்டமன்றத்தவராக, கடைசியில் நீதிபதியாக இருந்தபோது, அடிமைப்பட்ட ஒருவருக்கு எந்த நடைமுறையைத் திறந்துவிட்டார், எதை அடைத்தார் என்று பார்ப்பதே பயன் தரும். சுதந்திரத்தைப் பற்றிய பேச்சு அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் இருந்தது. ஜூரி முன்னால் நிற்கும் வாய்ப்பு எல்லாருக்கும் இருக்கவில்லை.

செட்ஜ்விக் 1746 மே மாதம் கனெக்டிகட்டின் மேற்கு ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். யேல் கல்லூரியில் சேர்ந்தவர், ஒழுங்கு நடவடிக்கை ஒன்றில் சிக்கிப் பட்டம் வாங்காமலே வெளியேறினார். இறையியலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டத்துக்குத் தாவி, கிரேட் பேரிங்டனில் மார்க் ஹாப்கின்ஸ் என்பவரிடம் தொழில் பயின்று 1766-இல் வழக்கறிஞரானார். சில காலம் அங்கே இருந்துவிட்டுப் பக்கத்து ஊரான ஷெஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தார். அவரைப் பிடித்துக் குணமான பெரியம்மை மனைவி எலைசாவுக்குத் தொற்றி, 1771-இல் எலைசா இறந்துபோனார். 1774-இல் பமேலா டுவைட்டை மணந்துகொண்டார்.

படைத்துறை வாழ்க்கை சுருக்கமானது. 1776-இல் அமெரிக்கப் படை கனடாவின் மீது நடத்திய தோல்விப் பயணத்தில், ஜெனரல் ஜான் தாமஸுக்குச் செயலாளராக, மேஜர் பதவியில் போனார். கியூபெக்கின் முன்னால் இருந்த படையைப் பகைவரின் துப்பாக்கியைவிடப் பெரியம்மைதான் அதிகம் வாட்டியது. தாமஸும் ஜூன் தொடக்கத்தில் அதே நோய்க்குப் பலியானார். செட்ஜ்விக் ஊர் திரும்பி, படைக்கு உணவும் சரக்கும் சேர்த்து அனுப்பும் வேலையில் ஈடுபட்டார். அவரது வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகளில் போர்வீரர் என்ற சொல் தவறாமல் வரும். ஆனால் அவரை உருவாக்கிய இடம் போர்க்களமாகத் தெரியவில்லை. ஷெஃபீல்டில் ஒரு வீட்டின் மாடி அறைதான் அது.

மாடியிலும் சமையலறையிலும்

அந்த வீடு கர்னல் ஜான் ஆஷ்லியுடையது. ஆஷ்லி யேலில் படித்தவர், வழக்கறிஞர், ஊரின் பெரும் பணக்காரர், மாவட்டப் பொது வழக்கு மன்றத்தில் நெடுங்காலம் நீதிபதியாக அமர்ந்தவர். 1773 ஜனவரியில் அவர் தலைமையில் பதினொரு பேர் கொண்ட குழு அங்கே கூடி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான தீர்மானங்களை எழுதியது. எழுத்தராக இருந்தவர் செட்ஜ்விக். இயற்கை நிலையில் மனிதர்கள் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், தங்கள் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் இடையூறில்லாமல் அனுபவிக்கும் உரிமை உடையவர்கள் என்று முதல் தீர்மானம் சொன்னது. சுதந்திரப் பிரகடனத்துக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது இது.

அந்த வீட்டில் அப்போது வேலை செய்துகொண்டிருந்த அடிமைகளில் பெட் ஒருவர். நியூயார்க்கின் கிளேவராக்கில் ஹோகபூம் என்ற டச்சுக் குடும்பத்தில் அடிமையாகப் பிறந்தவர். அந்த வீட்டு மகள் ஹன்னா ஆஷ்லிக்கு மனைவியானபின் பெட்டும் ஷெஃபீல்டுக்கு வந்து சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. காது இருந்தது.

சமையலறைச் சம்பவத்தை நமக்குச் சொன்னவர் செட்ஜ்விக்கின் மகள், நாவலாசிரியை கேத்தரின். அடுப்படியில் இருந்த பெண்களில் ஒருத்தி, பெட்டின் தங்கை என்கிறது அந்தக் கதை, மகள் என்கிறது வேறொன்று, பெரிய ரொட்டிக்குப் பிசைந்த மாவில் வழித்தெடுத்த மிச்சத்தைக் கொண்டு தனக்கென்று ஒரு சிறு அடை சுட்டுக்கொண்டாள். திருட்டு என்று ஹன்னா கத்தினார். அடுப்பைத் துப்புரவாக்கும் இரும்புக் கரண்டி தணலில் செக்கச் சிவந்து கிடந்தது. அதை எடுத்து ஓங்கினார். பெட் குறுக்கே கையை நீட்டினார். எலும்புவரை வெந்த புண் சரியாக ஆறவே இல்லை. அதன்பின் பெட் அந்தக் கையை மூடுவதை நிறுத்திவிட்டார். விருந்தினர் யாராவது, எசமானியின் முன்னிலையிலேயே, கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், “அம்மாவையே கேளுங்கள்” என்பாராம். நீதிமன்றம் போவதற்கு முன்பே அவர் சாட்சியத்தைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

1780-இல் மாசசூசெட்ஸுக்குப் புதிய அரசியலமைப்பு வந்தது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அதன் முதல் பிரிவு தொடங்கியது. அதைக் கேட்ட பெட், தன் எசமானரின் நண்பரும் அவருடைய வீட்டில் தீர்மானம் எழுதியவருமான செட்ஜ்விக்கிடமே போய், அந்தச் சட்டம் எனக்கும் விடுதலை தராதா என்று கேட்டார். ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனியுங்கள். அந்தச் சொற்களை ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆளிடம் போய்த்தான் அவற்றின் விலையைக் கேட்டார்.

செட்ஜ்விக் ஒன்றும் அடிமை முறைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 1777-இல் டான் என்ற அடிமையை அவர் விலைக்கு வாங்கிய பத்திரம் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது.

சரக்கை மீட்கும் ரிட்

வழக்குக்குத் துணையாக லிட்ச்ஃபீல்டிலிருந்து டாப்பிங் ரீவை அழைத்துக்கொண்டார். பின்னாளில் அமெரிக்காவின் முதல் சட்டப் பள்ளிகளில் ஒன்றை நடத்தியவர் ரீவ். பெட்டோடு ஆஷ்லியின் இன்னொரு அடிமையான பிரோமும் வாதியாகச் சேர்க்கப்பட்டார்.

1781 மே மாதத்தில் அவர்கள் பெற்றது ரெப்ளெவின் என்ற ரிட். ஒருவருடைய மாட்டையோ சாமானையோ இன்னொருவர் முறையின்றிப் பிடித்து வைத்திருந்தால், அதை மீட்பதற்குப் பயன்படும் சாதாரணச் சொத்து ரிட் அது. ஷெரிஃப் ஆஷ்லியிடம் போய் இருவரையும் விடச் சொன்னார். இவர்கள் ஆயுள் முழுக்க என் வேலையாட்கள் என்று ஆஷ்லி மறுத்தார். அவர் மறுத்த அந்த நொடியில்தான் வழக்குக்கு வேண்டிய கேள்வி பிறந்தது. தருமம், கருணை என்று எதுவும் பேச வேண்டியதில்லை. இவர்கள் இவருடைய சொத்தா இல்லையா? பன்னிரண்டு உள்ளூர்க்காரர்கள் ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும்.

இதைத்தான் அந்த வழக்கின் தொழில் நேர்த்தியாக நான் கருதுகிறேன். பெரிய கொள்கையைச் சின்னக் கேள்விக்குள் அடக்கி, அந்தக் கேள்வியை விவசாயிகளும் கைத்தொழிலாளிகளும் நிரம்பிய ஜூரியின் முன் கொண்டுபோய் வைத்தார்கள். வாதங்கள் எழுதிவைக்கப்படவில்லை, நீதிமன்றப் பதிவு மிகச் சுருக்கமானது. மாசசூசெட்ஸில் அடிமை முறையை நிறுவிய சட்டம் எதுவும் இருந்ததில்லை, இருந்திருந்தாலும் 1780-இன் அரசியலமைப்பு அதை அழித்துவிட்டது என்ற இரண்டு படிகளில் வாதம் நடந்ததாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு படி வழுக்கினால் மற்றதில் நிற்கலாம்.

ஜூரி வாதிகளின் பக்கம் நின்றது. 30 ஷில்லிங் இழப்பீடு, வழக்குச் செலவாக 5 பவுன் 14 ஷில்லிங் 4 பென்ஸ். ஆஷ்லி மேல்முறையீடு செய்தார். அதே ஆண்டு வூஸ்டரில் குவாக் வாக்கர் என்ற கறுப்பினத்தவரும் ஜூரியின் முன்னால் விடுதலை பெற்றிருந்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது அக்டோபருக்குள் ஆஷ்லிக்கே தெரிந்துவிட்டது, மேல்முறையீட்டைக் கைவிட்டார். 1783-இல் வாக்கரின் வழக்கு கிரிமினல் வழக்காக மீண்டும் வந்தபோது, அடிமை முறை மாநில அரசியலமைப்போடு ஒத்துப்போகாது என்று தலைமை நீதிபதி வில்லியம் குஷிங் ஜூரிக்கு எடுத்துச் சொன்னார். 1790-இன் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸின் கணக்கில் ஓர் அடிமைகூட இல்லை.

பெட் தனக்கு எலிசபெத் ஃபிரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார். கூலி தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி கேட்டார், போகவில்லை. செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

இந்தச் சம்பளத்தை நன்றிக்கடன் என்று எழுதுகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். 1785-க்குப் பிறகு செட்ஜ்விக் ஆண்டில் பல மாதங்கள் நியூயார்க்கிலும் பிலடெல்ஃபியாவிலும் இருந்தார். பமேலா அடிக்கடி மனநோயால் முடங்கினார். பத்துப் பிரசவம், ஏழு பிள்ளைகள் தங்கினார்கள். அந்தப் பிள்ளைகளை வளர்த்ததும், நோயாளியைத் தாங்கியதும், குடும்பம் பின்னர் குடியேறிய ஸ்டாக்பிரிட்ஜ் வீட்டை நடத்தியதும் ஃபிரீமன். அவர் இல்லையென்றால் அந்த அரசியல் வாழ்க்கை இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது சந்தேகமே. செட்ஜ்விக் அவருக்கு ஒரு கோடைக்காலம் உழைத்தார். அவர் செட்ஜ்விக் குடும்பத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தார்.

1787 பிப்ரவரி 27 அன்று அந்த வீட்டுக்குள் ஆயுதக் கூட்டம் புகுந்தது. டேனியல் ஷேஸின் பெயரால் அறியப்படும் கடனாளி விவசாயிகளின் கிளர்ச்சி அது. நீதிமன்றங்கள் கடனுக்காக நிலத்தை ஜப்தி செய்துகொண்டிருந்தன. விவசாயிகள் நீதிமன்றக் கதவுகளை மறித்தார்கள். செட்ஜ்விக் கடன் கொடுத்தோர் பக்கம், ஒழுங்கின் பக்கம், சற்றும் விட்டுக்கொடுக்காமல் நின்றார். அவர் அன்று வீட்டில் இல்லை. குடும்பத்தின் வெள்ளிச் சாமான்களை ஃபிரீமன் தன் சொந்தப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். அதையும் திறக்க வந்தவர்களிடம், ஒரு வேலைக்காரியின் பெட்டியையா கிளறப் போகிறீர்கள் என்று வெட்கப்படும்படிப் பேசித் திருப்பி அனுப்பினார் என்கிறார் கேத்தரின். கூட்டத்தை அன்றே ஷெஃபீல்டு அருகில் முறியடித்த உள்ளூர்ப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஆஷ்லியின் மகன்.

இந்தக் கிளர்ச்சி செட்ஜ்விக்கை இறுக்கியது. வலுவான மத்திய அரசு இல்லாவிட்டால் சொத்துக்கும் சட்டத்துக்கும் பாதுகாப்பில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1788 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் மாநாடு புதிய அமெரிக்க அரசியலமைப்பை 187-க்கு 168 என்ற குறுகிய வித்தியாசத்தில் ஏற்றபோது, அவர் ஏற்றவர்களில் ஒருவர். அந்த ஆவணத்தின் நான்காவது பிரிவில், வேலை செய்யக் கடமைப்பட்டு ஓடிப்போனவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற வாசகமும் இருந்தது.

ஜான் டேவிஸ் என்ற மனிதர்

1791-இன் மசோதா எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியாது. பென்சில்வேனியா 1780-இல் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டது. வைத்திருக்கும் அடிமைகளைக் குறித்த காலத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் அவர்கள் விடுதலை பெறுவார்கள். ஜான் டேவிஸை வைத்திருந்தவர் பதிவு செய்யவில்லை. பிறகு அவர் டேவிஸை வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோய்விட்டார். பென்சில்வேனியாக்காரர்கள் சிலர் டேவிஸை மீட்டு வந்தார்கள். 1788-இல் வர்ஜீனியாவிலிருந்து மூன்று பேர் வந்து அவரை மறுபடியும் கடத்திக்கொண்டு போனார்கள்.

கடத்தியவர்களைப் பிடித்துத் தரும்படி பென்சில்வேனியா ஆளுநர் மிஃப்ளின் கேட்டார். வர்ஜீனியா ஆளுநர் கையை விரித்தார். மிஃப்ளின் குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கு எழுத, வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். மூவர் குழு அமைந்தது: மாசசூசெட்ஸிலிருந்து செட்ஜ்விக்கும் போர்னும், வர்ஜீனியாவிலிருந்து அலெக்சாண்டர் ஒயிட்டும்.

சுதந்திர மனிதர் ஒருவரைக் கடத்திய குற்றவாளிகளை எப்படி ஒப்படைப்பது என்ற கேள்வியாக உள்ளே போனது, ஓடிய அடிமைகளை எப்படி ஒப்படைப்பது என்பதையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. செட்ஜ்விக்கின் மசோதா அந்த வடிவில் நிறைவேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செனட் புதிதாக எழுதத் தொடங்கி, பல திருத்தங்கள் கண்டு, கீழவையான பிரதிநிதிகள் சபையில் 48-க்கு 7 என்று நிறைவேறி, 1793 பிப்ரவரி 12 அன்று வாஷிங்டனின் கையெழுத்தோடு சட்டமானது.

நடைமுறையைப் பாருங்கள். உடையவரோ அவருடைய ஆளோ ஒருவரைப் பிடிக்கலாம். பிடித்த இடத்தில் மத்திய நீதிபதியிடமோ உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடமோ கொண்டுபோகலாம். வாய்ச் சாட்சியம் போதும், பிரமாணப் பத்திரமும் போதும். நீதிபதிக்குத் திருப்தி என்றால் ஒரு சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு ஊரைத் தாண்டிப் போய்விடலாம். தடுப்பவருக்கு 500 டாலர் அபராதம். பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது.

பெட்டுக்குக் கிடைத்த அத்தனையும் இதில் இல்லை. அவர் பிறந்த கிளேவராக், ஷெஃபீல்டுக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஆனால் அது நியூயார்க் மாநிலம். அங்கே அடிமை முறை முழுமையாக முடிய 1827 ஆயிற்று. ஹன்னா திருமணமாகி வராமல் இருந்து, பெட் கிளேவராக்கிலேயே தங்கி, 1793-க்குப் பிறகு எல்லையைத் தாண்டி ஓடி வந்திருந்தால், செட்ஜ்விக்கைப் போன்ற எந்தத் திறமைசாலியும் கிரேட் பேரிங்டனில் ஒரு ஜூரியைக் கூட்டியிருக்க முடியாது. கையிலுள்ள தழும்புக்கும் அங்கே வேலை இல்லை. ஜான் டேவிஸோ வர்ஜீனியாவில் அடிமையாகவே கிடந்தார்.

சட்டம் என்று ஒன்று இருந்தால் அதை நிறைவேற்ற வழியும் இருக்க வேண்டும் என்பது செட்ஜ்விக் போன்ற ஃபெடரலிஸ்டுகளின், அதாவது வலுவான மத்திய அரசை வேண்டிய கட்சியினரின், பொது நிலை. ஷேஸ் கிளர்ச்சியைப் பார்த்தவருக்கு அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்திருக்கும். மாநில அரசியலமைப்பின் ஒரு வாசகத்தை அப்படியே எடுத்துப் பெட்டுக்காக வாதாடியவர், மத்திய அரசியலமைப்பின் ஒரு வாசகத்தையும் அப்படியே எடுத்து மசோதாவாக்கினார். எழுத்தைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் விளக்கம் மன்னிப்பாகிவிடாது. வாசகம் ஒப்படைக்கச் சொன்னதே தவிர, ஜூரி வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவையிலும் நீதிமன்றத்திலும்

1796-இல் செனட்டுக்குப் போனார். 1798-இல் சில மாதங்கள் அதன் தற்காலிகத் தலைவராக இருந்தார். 1799 டிசம்பரில் மீண்டும் கீழவைக்கு வந்து, இரண்டாம் சுற்று வாக்கெடுப்பில் நத்தேனியல் மேக்கனைத் தோற்கடித்துச் சபாநாயகரானார். கட்சிப் பற்றை மறைக்கத் தெரியாத சபாநாயகர். விவாதங்களைக் குறிப்பெடுக்கும் நிருபர்களுக்கு அவையின் உட்புறத்தில் இடம் தரலாமா என்ற கேள்வியில் 45-க்கு 45 என்று வாக்குகள் சமமானபோது, தன் வாக்கால் வேண்டாம் என்றார். 1801 பிப்ரவரியில் ஜெஃபர்சனும் பர்ரும் சம வாக்குகள் பெற்றதால் குடியரசுத் தலைவரைக் கீழவை தேர்ந்தெடுக்க நேர்ந்தது. செட்ஜ்விக் பர்ரை ஆதரித்தார். 36-ஆவது சுற்றில் ஜெஃபர்சன் வென்றார், மாசசூசெட்ஸ் கடைசிவரை பர்ருடனேயே நின்றது.

அவர் சபாநாயகராக இருந்த காலத்தில் நடந்த, அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுகிறது. 1800 ஜனவரியில், பிலடெல்ஃபியாவின் சுதந்திரக் கறுப்பினத்தவர்கள், அப்சலம் ஜோன்ஸ் என்ற மதகுருவை முன்னிட்டு ஒரு மனு கொடுத்தார்கள். 1793-இன் சட்டத்தைக் காட்டிச் சுதந்திர மனிதர்களைக் கடத்துகிறார்கள், அதைத் திருத்துங்கள், அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்க வழி செய்யுங்கள் என்று கேட்டார்கள். நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதைக் கேட்கும் பகுதிகளுக்கு எந்த ஊக்கமும் தரக்கூடாது என்று அவை 85-க்கு 1 என்று முடிவெடுத்தது. அந்த ஒற்றை வாக்கு ஜார்ஜ் தாச்சருடையது, அவரும் மாசசூசெட்ஸ்காரர். அந்த அவையின் தலைமை நாற்காலியில் இருந்தவர் பெட்டின் வழக்கறிஞர்.

1801-இல் நாடாளுமன்றத்தை விட்டார். மறு ஆண்டு மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியானார். 1806-இல் தலைமைப் பதவி காலியானபோது தியோஃபிலஸ் பார்சன்ஸை மேலே அமர்த்தினார்கள். அது செட்ஜ்விக்கைக் கசக்கவைத்தது. ஆனாலும் பதவியில் நீடித்தார்.

1810-இல் கிரீன்வுட் எதிர் கர்ட்டிஸ் என்ற வழக்கு வந்தது. ஆப்பிரிக்கக் கடற்கரையில் நடந்த வியாபாரம், சரக்குக்கு ஈடாக அடிமைகளைத் தருவதாக ஏற்பாடு, பாக்கி தீரவில்லை. அந்தப் பாக்கியை வசூலிக்க மாசசூசெட்ஸ் நீதிமன்றம் உதவலாமா? ஒப்பந்தம் நடந்த இடத்தில் அது செல்லும், ஆகவே உதவலாம் என்றது பார்சன்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு. செட்ஜ்விக் உடன்படவில்லை. பரிவர்த்தனை முழுவதுமே ஒழுக்கக்கேட்டில் ஊறியது, அதற்கு இந்த நீதிமன்றம் கை கொடுக்கக்கூடாது என்பது அவர் நிலை. மூன்று ஆண்டுகளில், 1813 ஜனவரியில், பாஸ்டனில் இறந்தார்.

ஃபிரீமன் அவருக்குப் பின் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். ஸ்டாக்பிரிட்ஜில் சொந்த நிலமும் வீடும் வாங்கியிருந்தார். உயில் எழுதிக் கைநாட்டு வைத்தார்.

செட்ஜ்விக் விட்டுச்சென்ற இரண்டு கோடுகளும் ஒரே தீர்ப்பில் சந்தித்தது 1836-இல். நியூ ஆர்லியன்ஸிலிருந்து பாஸ்டனுக்கு எசமானி அழைத்துவந்த மெட் என்ற ஆறு வயதுச் சிறுமியின் வழக்கு அது. மாசசூசெட்ஸ் மண்ணில் அடிமை முறை இல்லை, ஆகவே கொண்டுவரப்பட்டவளை மறுபடி கொண்டுபோக முடியாது என்று தலைமை நீதிபதி லெமுவேல் ஷா அவளை விடுவித்தார். அதே தீர்ப்பில், தானாக ஓடி வந்தவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு மத்தியச் சட்டம் தனி என்றும் எழுதினார். 1842-இல் ஜார்ஜ் லாடிமர் வர்ஜீனியாவிலிருந்து ஓடி வந்து பாஸ்டனில் பிடிபட்டபோது, 1793-இன் சட்டத்தைக் காட்டி ஷா தலையிட மறுத்தார். ஊர் கொந்தளித்தது. கடைசியில் 400 டாலர் கொடுத்துத்தான் லாடிமரை மீட்டார்கள். மறு ஆண்டு, அந்தச் சட்டத்தின்கீழ் ஆள் பிடிப்பதற்கு மாநில அதிகாரிகள் உதவக்கூடாது, மாநிலச் சிறைகளைத் தரக்கூடாது என்று மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது.